பாறை உடையாமலே நிலம் நடுங்குமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு செலுத்துக் கிணறு வரப்போகிறது. எண்ணெயோடு சேர்ந்து வெளிவரும் உப்புநீரை, நாளுக்கு 1,500 கன மீட்டர் வீதம், 2.6 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை அடுக்குக்குள் திருப்பி விடுவார்களாம். "கிணற்று வாயில் 3 மெகாபாஸ்கல் அழுத்தம்தான் கொடுப்போம். பாறை உடைய அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வேண்டும். அதனால் நிலநடுக்கம் வர வழியில்லை. அப்படியே அதிர்வு தெரிந்தாலும் பம்பை நிறுத்திவிடுவோம்" என்கிறார்கள். இதை நம்பலாமா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்? வீட்டு ஆழ்துளைக் கிணறுகளாலும் நிலநடுக்கம் வரும் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: நிறுவனம் சொன்ன முதல் செய்தி சரியாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கவலைக்கு அது பதில் அல்ல. இரண்டாவது வாக்குறுதியை அவர்கள் உண்மையாகவே காப்பாற்றினாலும் பலன் பாதிதான் கிடைக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

முழுப் பாறையைப் புதிதாக உடைப்பது ஒரு வேலை. ஏற்கெனவே உடைந்து கிடக்கும் பாறையை நழுவ விடுவது வேறு வேலை. மேலோட்டில் ஆழமாக எங்கு துளையிட்டாலும் பழைய பிளவுகள் உண்டு. பிளவு என்று நான் சொல்வது, இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருக்கும் தளத்தை. அந்தத் தளத்தின் மேல் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. ஒன்று இரு பக்கத்தையும் சேர்த்து இறுக்குகிறது. மற்றது தளத்தின் போக்கிலேயே பாறையை நகர்த்தப் பார்க்கிறது. இறுக்கத்தால் வரும் உராய்வு தாக்குப்பிடிக்கும் வரை பிளவு அசையாது.

இப்போது நீரைப் பாருங்கள். பாறையின் நுண்துளைகளிலும், பிளவுக்குள் இருக்கும் நொறுங்கிய துகள்களுக்கு இடையிலும் நீர் நிறைந்திருக்கிறது. அதன் அழுத்தம் உள்ளிருந்து எல்லாத் திசையிலும் தள்ளுகிறது. ஆகவே இறுக்கும் விசையிலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே உராய்வுக்கு உதவும். நகர்த்தும் விசை மட்டும் குறைவதே இல்லை, ஏனென்றால் சறுக்கும் விசையைத் தாங்கும் திறன் நீருக்குக் கிடையாது. சாய்ந்த பலகையில் நிற்கும் கனத்த பீரோவை யாரும் பக்கவாட்டில் தள்ள வேண்டியதில்லை, அடியில் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாலே தானாக வழுக்கிவிடும். மண்ணுக்கு இந்தக் கணக்கை 1920களில் பொறியாளர் கார்ல் டெர்சாகி வகுத்தார். மலைப் பாறைகளின் பெரும் பெயர்ச்சிக்கு அதையே 1959-ல் புவியியலாளர்கள் ஹப்பர்ட்டும் ரூபியும் பொருத்திக் காட்டினார்கள்.

இதிலிருந்து வரும் முதல் முடிவு: நிலநடுக்கத்தின் ஆற்றல் பம்பிலிருந்து வருவதில்லை. அது பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறைக்குள் சேர்ந்த திரிபு, அதாவது பாறை மெல்ல மெல்ல உருக்குலைந்து முறுகி நிற்கும் நிலை. நீர் செய்வது பிடியைத் தளர்த்துவது மட்டும்தான். அதனால் "எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "அருகிலுள்ள பிளவு நழுவுவதற்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது?" என்பதே.

உங்கள் கிணற்றின் ஆழத்தை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். பாறையின் எடையால் கிலோமீட்டருக்கு சுமார் 25 மெகாபாஸ்கல் ஏறும். நீரின் எடையால் சுமார் 10. எனவே 2.6 கிலோமீட்டரில் மேலிருந்து அழுத்தும் பாரம் 65, துளைநீரின் அழுத்தம் 26. சாய்வான ஒரு பிளவின் மேல் இறுக்கும் தகைவு (ஓர் அலகு பரப்பின் மேல் வேலை செய்யும் விசை) 50 என்று வைத்துக்கொள்வோம். நீரழுத்தத்தைக் கழித்தால் 24 மிச்சம். உராய்வுக் குணகம் 0.6 என்றால் பிளவு தாங்கக்கூடிய சறுக்குத் தகைவு 14.4 மெகாபாஸ்கல். அங்கே ஏற்கெனவே 14 இருக்கிறது என்றால் பாக்கி 0.4 மட்டுமே. அதை 0.6-ஆல் வகுத்தால், நீரழுத்தம் 0.67 மெகாபாஸ்கல் ஏறியதுமே பிளவு நழுவும். ஏறக்குறைய 68 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் எடை அது. பாறை உடைய வேண்டிய 12 எங்கே, இந்த 0.67 எங்கே!

இந்த எடுத்துக்காட்டில் 14 என்ற எண் என் அனுமானம். உங்கள் இடத்தில் அது 10 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் 3 மெகாபாஸ்கல் கூடுதல் அழுத்தத்தால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அந்த எண்ணை அளந்தார்களா என்பதே முக்கியம். நழுவும் நிலைக்கு மிக அருகில் இருக்கும் பிளவுகளுக்கு 0.1 மெகாபாஸ்கலோ அதைவிடக் குறைவோகூடப் போதுமானதாக இருந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் உள்ள 103 மீட்டர் உயரக் கொய்னா அணையின் நீர்த்தேக்கம் தன் அடியில் ஏற்றக்கூடிய அழுத்தம் ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல்தான். நீர் நிரம்பத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில், அங்கே 6.3 அளவு நிலநடுக்கம் வந்தது. சுமார் 200 பேர் இறந்தார்கள். அங்கே பம்பும் இல்லை, பாறையை யாரும் உடைக்கவும் இல்லை.

"குறைந்த அழுத்தம்" என்ற வாதத்துக்கு இன்னும் நேரடியான பதில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே உப்புநீரை ஆர்பக்கிள் என்னும் ஆழ்ந்த சுண்ணப் பாறை அடுக்குக்குள் செலுத்தினார்கள். அது அவ்வளவு தாராளமாக நீரை உறிஞ்சியதால் பல கிணறுகளில் வாயில் அழுத்தமே தேவைப்படவில்லை. நீர் தன் எடையாலேயே இறங்கியது. ஆனாலும் 2009-க்கு முன்பு ஆண்டுக்கு ஒன்றிரண்டாக இருந்த, 3 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்களின் எண்ணிக்கை 2015-ல் ஏறக்குறைய 900 ஆக ஏறியது. 2016 செப்டம்பர் 3 அன்று பானி நகருக்கு அருகே 5.8 அளவில் ஒன்று வந்தது. அது நிகழ்ந்த பிளவு அதற்கு முன் எந்த வரைபடத்திலும் இல்லை. பிறகு ஒழுங்குமுறை ஆணையம் செலுத்தும் அளவை வெட்டியது, எண்ணெய் விலைச் சரிவும் சேர்ந்துகொண்டது. நிலநடுக்கங்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. வாய் அழுத்தத்தைப் பார்த்து மட்டும் நிம்மதி அடையக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்களுக்கும் கிணற்றுக்கும் இடையே ஏழு கிலோமீட்டர். நீர் அவ்வளவு தூரம் வருமா என்று யோசிப்பீர்கள். செலுத்திய நீரே வர வேண்டியதில்லை. அழுத்தம் வந்தால் போதும். நிறைந்திருக்கும் துளைகளில் அழுத்தம் பரவுவது நீர் நகர்வதைவிட மிக வேகம். பரவும் வேகத்தைக் குறிக்கும் எண் பாறையைப் பொறுத்து வினாடிக்கு 0.1 முதல் 10 சதுர மீட்டர் வரை இருக்கும். நிலநடுக்கங்கள் கிணற்றிலிருந்து விலகிப் பரவும் எல்லையை, இந்த எண்ணை நேரத்தாலும் 4π-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து மதிப்பிடுவார்கள். எண் 1 என்றால் ஒரு நாளில் ஒரு கிலோமீட்டர், ஏழு கிலோமீட்டருக்கு சுமார் ஒன்றரை மாதம். 0.1 என்றால் பதினைந்து மாதம். பிளவு மண்டலமே நீர்க்குழாய் போல் திறந்திருந்தால் இன்னும் சீக்கிரம். நடுவில் களிமண் நிறைந்த பிளவு குறுக்கே நின்றால் அழுத்தம் அங்கேயே தேங்கும். "ஒரு வருடம் ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற சமாதானத்தை அதனால் ஏற்க முடியாது. ஓக்லஹோமாவில் 2011-ல் பிராக் நகருக்கு அருகே வந்த 5.7 அளவு நிலநடுக்கத்துக்கு முன், பக்கத்துக் கிணறுகளில் 18 ஆண்டுகளாக நீர் செலுத்தப்பட்டு வந்தது.

அழுத்தம் எட்டாத இடத்திலும் பிளவு நகரக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். நீர் நிரம்பும்போது பாறை சற்றே உப்புகிறது. அந்த உப்பல் திடப்பாறை வழியாகவே பக்கத்துப் பிளவுகளின் மேல் தகைவை மாற்றும். இன்னொரு வழி, ஓசையில்லாத நழுவல். தெற்கு பிரான்சில் 282 மீட்டர் ஆழத்துச் சுரங்கத்திலிருந்து ஒரு சிறு பிளவுக்குள் நீரைச் செலுத்தி, நழுவலை நேரடியாக அளந்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. முதலில் பிளவு அதிர்வே இல்லாமல் மெல்ல நகர்ந்தது. நுண்ணதிர்வுகள் பிறகுதான் தோன்றின. இப்படி மெல்ல நகரும் பகுதி, தன் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மேல் பாரத்தை ஏற்றிவிடும். களிமண் மிகுந்த பிளவுகள் பெரும்பாலும் மெல்ல நகர்வதோடு நின்றுவிடும். கிரானைட், நைஸ் போன்ற கடினப் பாறைப் பிளவுகள்தான் சட்டென்று நழுவி அதிர்வை எழுப்பும். செலுத்தும் அடுக்கு, படிவு அடுக்குகள் எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும் இந்தக் கடினமான அடித்தளப் பாறையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் கவலைப்பட இதுவே காரணம்.

அடுத்தது கொள்ளளவு. கொடுக்கும் அழுத்தத்தைவிட, மொத்தம் எவ்வளவு செலுத்தினார்கள் என்பதே நீண்ட காலத்தில் அதிகம் பேசும். நாளுக்கு 1,500 கன மீட்டர் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5.5 லட்சம். அமெரிக்காவின் டென்வருக்கு அருகே ராக்கி மவுண்டன் ஆயுதக் கிடங்கின் 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில், 1962 மார்ச் முதல் 1966 பிப்ரவரி வரை செலுத்திய கழிவுநீர் மொத்தமே சுமார் 6.25 லட்சம் கன மீட்டர். உங்கள் கிணறு அதைப் பதினான்கு மாதத்துக்குள் எட்டிவிடும். நிலநடுக்கத்தின் உச்ச அளவைக் கொள்ளளவிலிருந்து கணிக்க நிலநடுக்கவியலாளர் ஆர்தர் மெக்கார் 2014-ல் ஓர் எளிய விதியைக் கொடுத்தார்: கன அளவைப் பாறையின் விறைப்புக் குணகத்தால், அதாவது சுமார் 30 கிகாபாஸ்கலால், பெருக்கினால் உச்ச நிலநடுக்கத் திருப்புத்திறன் கிடைக்கும், நிலநடுக்கத்தின் அளவை அதிலிருந்து கணிப்பார்கள். டென்வருக்கு அது 4.8 என்கிறது, அங்கே வந்த பெரியதும் அதே அளவுதான். உங்கள் கிணற்றுக்கு முதல் ஆண்டு முடிவில் 4.8, பத்தாம் ஆண்டு முடிவில் 5.4.

இது வரப்போவதைச் சொல்லும் எண் அல்ல, விதியின்படி எட்டக்கூடிய மேல்வரம்பு. அந்த வரம்பும் உடையும். தென்கொரியாவின் போஹாங்கில் புவிவெப்பத் திட்டத்துக்காக நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பன்னிரண்டாயிரம் கன மீட்டர் அளவுக்குத்தான் நீர் செலுத்தினார்கள், அதிலும் பாதிக்கு மேல் திரும்ப வெளியே வந்துவிட்டது. ஆனால் 2017 நவம்பர் 15 அன்று 5.5 அளவு நிலநடுக்கம் வந்தது. அதன் திருப்புத்திறன் விதி அனுமதித்ததைவிடப் பல நூறு மடங்கு. நீர் நேராகச் சென்று சேர்ந்த இடம், முன்பே நழுவத் தயாராக இருந்த, யாரும் அடையாளம் காணாத பெரிய பிளவு. பிளவு எவ்வளவு நீளம் நழுவும் என்பதைத் தொடங்கி வைத்த நீர் தீர்மானிப்பதில்லை, பிளவில் சேர்ந்திருக்கும் தகைவே தீர்மானிக்கிறது.

"பம்பை நிறுத்திவிடுவோம்" என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். நிறுத்துவது பயன் தரும், அதில் சந்தேகமில்லை. கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1969 முதல் 1973 வரை இதைச் சோதித்தே பார்த்தது. நழுவல் தொடங்க 25.7 மெகாபாஸ்கல் வேண்டும் என்று ஆய்வகத்தில் கணித்தார்கள். நீரை வெளியே இறைத்து அழுத்தத்தை அதற்குக் கீழே கொண்டுவந்ததும் கிணற்றருகே அதிர்வுகள் நின்றன. மறுபடி ஏற்றியதும் திரும்பி வந்தன.

ஆனால் ரேஞ்ச்லியில் நீரை வெளியே எடுத்தார்கள். வால்வை மூடுவது மட்டும் அதற்கு ஈடாகாது. மூடியதும் கிணற்றருகே அழுத்தம் இறங்கும், வெளியே போய்க்கொண்டிருக்கும் அழுத்த அலையோ போய்க்கொண்டே இருக்கும். வெளிவட்டம் பெரிது, அதனால் அங்கே பெரிய பிளவு மாட்டும் வாய்ப்பும் அதிகம். டென்வரில் செலுத்துவதை நிறுத்தி ஒன்றரை ஆண்டு ஆன பிறகு, 1967 ஆகஸ்டில், மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் ஐந்து கிலோமீட்டர் ஆழப் புவிவெப்பக் கிணற்றில் சுமார் 11,500 கன மீட்டர் செலுத்திய பின், அதிர்வுகள் வலுப்பதைக் கண்டு கிணற்றை மூடினார்கள். சில மணி நேரத்தில் 3.4 அளவு நிலநடுக்கம் வந்தது. பிறகு நீரை வெளியேற விட்டும், அடுத்த இரண்டு மாதங்களில் 3 அளவுக்கு மேல் மேலும் மூன்று வந்தன. போஹாங்கில் கடைசிச் செலுத்தலுக்கும் பெரிய நிலநடுக்கத்துக்கும் நடுவே இரண்டு மாதம். ஆகவே "இத்தனை அளவு வந்தால் நிறுத்துவோம்" என்ற எச்சரிக்கை வரம்பு வைப்பார்களானால், அது நீங்கள் தவிர்க்க விரும்பும் அளவைவிடக் குறைந்தது இரண்டு அளவாவது கீழே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 4 வந்ததும் நிறுத்துவது என்றால், 4 வந்தே தீரும் என்று ஒப்புக்கொள்வதாகும்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும்: உலகில் இயங்கும் பல்லாயிரம் செலுத்துக் கிணறுகளில் மிகப் பெரும்பாலானவை உணரத்தக்க எந்த அதிர்வையும் எழுப்பியதில்லை. நல்ல உட்புகுதிறன் உள்ள தடித்த மணற்பாறை, அதற்கும் அடித்தளப் பாறைக்கும் இடையே தடிமனான களிப்பாறை, அருகில் பெரிய பிளவின்மை, இந்த மூன்றும் சேர்ந்தால் கிணறு அமைதியாகவே இருக்கும். உங்கள் இடம் எந்த வகை என்று நிறுவனம் காட்ட வேண்டும், ஊகிக்கும் வேலை உங்களுடையது அல்ல.

கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, செலுத்தும் அடுக்கின் அடிப்பகுதிக்கும் அடித்தளப் பாறைக்கும் இடையே எத்தனை மீட்டர், நடுவில் என்ன பாறை என்பது. கிணறு அடித்தளத்துக்குள் இறங்கியிருந்தால் அந்தப் பகுதியைச் சிமெண்டால் அடைத்து மேலே ஏற்றச் சொல்லுங்கள். ஓக்லஹோமாவில் பல கிணறுகளுக்கு அதையே உத்தரவிட்டார்கள். அடுத்து, சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்கு நில அதிர்வு ஆய்வில் கண்ட பிளவுகளின் வரைபடம், ஒவ்வொரு பிளவின் திசையும் சாய்வும். அதோடு அந்த ஆழத்தில் தகைவின் திசையையும் அளவையும் அளந்தார்களா என்று கேளுங்கள். பிளவு இருப்பது மட்டும் ஆபத்தல்ல. அழுத்தும் திசைக்குச் சுமார் 30 டிகிரியில் கிடக்கும் பிளவே எளிதில் நழுவும். இரண்டும் கையில் இருந்தால் மேலே நான் போட்ட கணக்கை அவர்கள் ஒவ்வொரு பிளவுக்கும் போட முடியும். "வரைபடத்தில் பிளவு இல்லை" என்றால், அந்த ஆய்வால் காணக்கூடிய மிகச் சிறிய பிளவு எது என்று திருப்பிக் கேளுங்கள். போஹாங்கிலும் பானியிலும் வரைபடம் காலியாகத்தான் இருந்தது.

கிணற்றுச் சோதனைகளில் இரண்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செலுத்தும் வீதத்தைச் சம நேர இடைவெளியில் படிப்படியாக ஏற்றி அழுத்தத்தைக் குறிப்பார்கள். கோடு மடங்கும் இடம் பாறை திறக்கும் அழுத்தம். நிறுவனம் சொன்ன நான்கு மடங்குக் கணக்கு இதிலிருந்து வருவதுதான். உங்களுக்கு அதைவிடப் பயன்படுவது, பம்பை நிறுத்திவிட்டு அழுத்தம் இறங்குவதைப் பல மணி நேரமோ பல நாளோ கவனிக்கும் சோதனை. அழுத்தம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, எங்காவது தடுப்பு இருக்கிறதா என்பதை அது காட்டும். ஆண்டுக்கு ஒரு முறை அதைச் செய்யவும், ஒவ்வொரு முறையும் அழுத்தம் இறங்கி நிற்கும் மட்டத்தை வெளியிடவும் கேளுங்கள். அந்த மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் அடுக்கு நிரம்பி வருகிறது என்று பொருள். வாயழுத்தத்தோடு கிணற்றடி அழுத்தத்தையும் கேளுங்கள். உப்புநீர் நன்னீரைவிடக் கனமானது, அதனால் வாயில் 3 என்றால் அடியில் 29-க்கு மேல் இருக்கும்.

நிலநடுக்கமானிகளைச் செலுத்தும் முன்பே, குறைந்தது ஓராண்டுக்கு, இயக்கச் சொல்லுங்கள். இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். முன்பிருந்த நிலை தெரியாவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு அதிர்வையும் "இது இயற்கை" என்று சொல்லிவிடலாம், மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. ஆறேழு கருவிகள் கிணற்றைச் சுற்றிலும் எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கிணற்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிர்வு நிகழ்ந்த ஆழத்துக்கு ஏறக்குறைய சமமான தூரத்தில் ஒரு கருவியாவது இல்லாவிட்டால் ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. செலுத்தும் அடுக்கில் நடந்ததா, அடித்தளத்தில் நடந்ததா என்பதே தெரியாமல் போகும். நாள்வாரிக் கொள்ளளவும் அழுத்தமும் அதிர்வுப் பட்டியலும் ஒரே இடத்தில் பொதுவில் கிடைக்க வேண்டும். மாத மொத்தம் மட்டும் கொடுத்தால், எந்த நாள் ஏற்றினார்கள், எந்த நாள் அதிர்ந்தது என்று ஒப்பிடவே முடியாது. அதிர்வுகள் ஒரு நேர்கோட்டில் வரிசை கட்டத் தொடங்கினால் அது ஒரு பிளவு விழிப்பதன் அடையாளம். அளவு சிறிதாக இருந்தாலும் அப்போதே வீதத்தைக் குறைக்க வேண்டும் என்று உரிம நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். கிணற்றை மூடிய பிறகும் கண்காணிப்பு சில ஆண்டுகள் தொடர வேண்டும், செலவு யாருடையது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும்.

வீட்டு ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீரை எடுப்பதும் தகைவை மாற்றும் என்பது உண்மை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பல பத்தாண்டுகள் எரிவாயு எடுத்ததால் பாறை அமுங்கி, 2012-ல் 3.6 அளவு வரை நிலநடுக்கங்கள் வந்தன, வயலையே மூடிவிட்டார்கள். ஸ்பெயினின் லோர்காவில் 2011-ல் ஒன்பது பேரைப் பலிகொண்ட 5.1 அளவு நிலநடுக்கத்தோடு, பல பத்தாண்டுகளில் நிலத்தடி நீர்மட்டம் 250 மீட்டர் இறங்கியதைத் தொடர்புபடுத்தும் ஆய்வு உண்டு. இவை ஒரு வட்டாரம் முழுவதும் நெடுங்காலம் எடுத்ததன் விளைவு. சில நூறு அடி ஆழத்தில் ஒரு குடும்பம் எடுக்கும் நீரால் அப்படி எதுவும் நேராது. ஆனால் உங்கள் கிணறுகளுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. செலுத்தத் தொடங்கும் முன்பே நான்கைந்து வீட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, நீரின் குளோரைடையும் மின்கடத்துதிறனையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, தேதியிட்ட அறிக்கையாக வாங்கி வையுங்கள். செலுத்துக் கிணற்றின் உறைக்குழாயில் கசிவு ஏற்பட்டால் உப்பு முதலில் தெரிவது அங்கேதான்.